நிறுத்தி வைத்த வண்டியில் பாட்டரி இறங்குவது ஏன்? – அங்கத்தினர்க்கு ஒரு பாடம்

கூட்டுறவுச் சங்கத்தின் சொத்துக்களுள் நிலமும் கட்டடமும் இருந்த இடத்தில் இருந்துகொண்டே மதிப்புப் பெறுவன. வண்டியோ ஓடினால்தான் சொத்து. ஓடாது நின்றால் அது செலவே. மாரண்டஹள்ளி வட்டாரத்தில் விளையும் தக்காளி, பொழுது ஏறுமுன் பாலக்கோட்டுச் சந்தையைச் சேர வேண்டும். பட்டுக்கூடு, உள்ளிருக்கும் பூச்சி கூட்டைத் துளைத்து வெளிப்படுமுன் தர்மபுரி அரசு அங்காடிக்குச் செல்ல வேண்டும். நெசவாளர் வீட்டுக்குப் பாவு நூல் குறித்த நாளில் வராவிடில் தறி நிற்கும். தறி நின்ற நாளுக்குக் கூலி இல்லை. ஆகவே அதிகாலை 4 மணிக்குச் சாவியைத் திருப்பியும் வண்டி கிளம்பாமற்போவது, ஓட்டுநர் ஒருவருக்கு நேரும் தொல்லை மட்டுமன்று. அங்கத்தினர் பலருடைய வருவாயில் விழும் ஓட்டையாகும்.

முதல் நாள் நன்றாக ஓடிய வண்டி, நிறுத்தி வைத்த இடத்திலேயே பாட்டரி இறங்கிக் கிடப்பதைப் பல சங்கங்களின் தணிக்கையில் நாம் கண்டு வருகிறோம். அப்போது பெரும்பாலோர் செய்வது இரண்டே காரியங்கள்: ஒன்று, புதுப் பாட்டரி வாங்குவது, மற்றொன்று, ஓட்டுநர்மீது குறை கூறுவது. இரண்டும் காரணத்தைக் கண்டறியும் வழிகள் அல்ல. கசியும் குடத்தை மாற்றாமல் மேன்மேலும் நீர் ஊற்றுவது எவ்வளவு பயன் தருமோ, அவ்வளவே இவையும் பயன் தரும். காரணத்தை முறையாகத் தேடிக் காண்பது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் விளக்குவோம்.

பாட்டரியின் இயல்பு

வண்டிகளில் உள்ள ஈயப் பாட்டரி புதிய கண்டுபிடிப்பன்று. 1859-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் பிளான்டே என்பவர் இதனை அமைத்தார். மோட்டார் வண்டியைக் கையால் சுழற்றிக் கிளப்பும் தொல்லை நீங்க, அமெரிக்கரான கெட்டரிங் வகுத்த செல்ப் மோட்டார் 1912-ஆம் ஆண்டு வண்டிகளில் இடம்பெற்றது. அதுமுதல் பாட்டரியின்றி வண்டி இல்லை என்றாயிற்று. நம் நாட்டிலும் இத்துறை ஆராய்ச்சிக்கென வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்திலும் பொருளிலும் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எழுந்து, 1953-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது.

12 வோல்ட் பாட்டரியினுள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடும், ஈயப் பெராக்சைடு பூசிய தகடும், நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் மூழ்கியிருக்கும். மின்சாரம் வெளியேறும்போது இருவகைத் தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன, திராவகம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றும்போது இம்மாற்றம் திரும்பி நிகழ்கிறது. ஆனால் இறங்கிய பாட்டரியைப் பல நாள் அப்படியே விட்டுவிட்டால் சல்பேட்டு கெட்டியான படிகமாகித் தகட்டில் உறைந்துவிடும். அதன்பின் எவ்வளவு சார்ஜ் ஏற்றினும் பழைய வலிமை மீளாது. இரண்டு மூன்று முறை முற்றும் இறங்கிய பாட்டரி, வாங்கிய ஆண்டிலேயே கிழமாகிவிடுவது இதனால்தான்.

வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரால் அளந்தால், நிறைந்த பாட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12.4 காட்டினால் ஏறக்குறைய முக்கால் பங்கும், 12.2 காட்டினால் அரைப் பங்கும், 12.0 காட்டினால் கால் பங்கும் எஞ்சியிருப்பதாகக் கொள்ளலாம். எண்ணில் வேற்றுமை சிறிதாயினும் உள்ளிருப்பில் வேற்றுமை பெரிது என்பதை மனத்திற்கொள்க.

எவ்வளவு கசிந்தால் குற்றம்?

சாவியை எடுத்தபின்னும் வண்டி சிறிது மின்சாரத்தைச் செலவிடத்தான் செய்யும். கடிகாரம், ரேடியோவின் நினைவு, எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டி, திருட்டைத் தடுக்கும் கருவி ஆகியவை உறங்கும்போதும் சிறிது உண்பன. இச்செலவு பொதுவாக 0.02 முதல் 0.05 ஆம்பியர் வரை இருக்கலாம். இத்தகைய கருவிகள் ஏதுமில்லாத பழைய வண்டியிலும் டிராக்டரிலும் ஏறக்குறைய ஒன்றுமே இருத்தல் ஆகாது.

கணக்கு எளிது. பாட்டரியின் மேல் 60 ஆம்பியர்-மணி என்று எழுதியிருப்பின், 1 ஆம்பியர் வீதம் 60 மணி நேரம் தரவல்லது என்று ஏறத்தாழக் கொள்ளலாம். 0.03 ஆம்பியர் கசிந்தால் முற்றும் இறங்க 2,000 மணி, அதாவது 83 நாட்கள் ஆகும். 0.60 ஆம்பியர் கசிந்தாலோ 100 மணியே போதும். ஆயின் முற்றும் இறங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. செல்ப் மோட்டார் எஞ்சினைச் சுழற்ற நூறு ஆம்பியருக்கு மேலும் கேட்கும். பாதிக்குக் கீழ் இறங்கிய பாட்டரி, அதிலும் சற்றுப் பழையதாயின், அதைத் தர இயலாமல் திணறும். ஆகவே 50 மணி நேரத்திலேயே வண்டி நின்றுவிடக்கூடும். வேறு எக்காரணமும் வேண்டா. 5 வாட் சிற்றகல் போன்ற ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தாலே 0.42 ஆம்பியர் போய்க்கொண்டிருக்கும்.

கசிவு என்று முடிவு செய்யுமுன்

எடுத்த எடுப்பில் கசிவைத் தேடப் புகுதல் முறையன்று. வரவு குறைந்ததால் இருப்புக் குறைந்ததா, செலவு மிகுந்ததால் குறைந்ததா என்று பார்ப்பதே கணக்காளர் வழக்கம். அதனையே ஈண்டும் கைக்கொள்ள வேண்டும்.

முதலாவது, வரவு. எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருத்தல் வேண்டும். நம்மவர் பழக்கத்தால் டைனமோ என்று அழைக்கும் ஆல்டர்னேட்டரோ, அதன் பெல்ட்டோ பழுதுற்றிருந்தால் இவ்வளவு வாராது. அன்றாடம் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடி நிற்கும் வண்டியிலும், கிளப்பியதற்குச் செலவான மின்சாரம் திரும்பி ஏற நேரம் போதாது.

இரண்டாவது, பாட்டரியே நலமாக உள்ளதா என்பது. நீர்மட்டம் தகட்டுக்கு மேல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்; குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்றலாம்; கிணற்று நீரும் திராவகமும் ஆகா. நிறையச் சார்ஜ் ஏற்றி, ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்து அளக்கவும். எவ்வித இணைப்பும் இன்றியே வோல்ட் பெரிதும் இறங்கியிருந்தால் குற்றம் பாட்டரிக்குள்ளேயே உள்ளது. வண்டியைப் பிரிப்பது வீண்.

மூன்றாவது, பாட்டரியின் மேற்புறம். திராவக ஈரமும் புழுதியும் சேர்ந்து படிந்தால் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அதன் வழியே மின்சாரம் ஊர்ந்து செல்லும். மீட்டரின் ஒரு முள்ளை எதிர் முனையில் வைத்து, மறு முள்ளால் மூடியின் மேற்பரப்பைத் தொட்டால், அங்கும் வோல்ட் காட்டுவதைக் காணலாம். அடைப்புகளை நன்கு மூடிவிட்டு, ஆப்பச் சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்தினால் இக்குறை தீரும். கரைசல் உள்ளே புகலாகாது.

சோதனை முறை

சொட்டுநீர்க் குழாயில் எங்கோ கசிவு இருந்தால் விவசாயி என்ன செய்கிறார்? தோட்டம் முழுவதையும் தோண்டுவதில்லை. கிளைக் குழாய்களின் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி, எதை மூடும்போது அழுத்தம் உயர்கிறது என்று பார்க்கிறார். வண்டியிலும் அவ்வாறே. வால்வுக்குப் பதில் பியூஸ். அழுத்தமானிக்குப் பதில் மல்டிமீட்டர்.

1. சார்ஜ் நிறைந்த பாட்டரியுடன் தொடங்குக. எல்லா விளக்குகளையும் ரேடியோவையும் அணைத்து, சாவியை எடுத்துவிடுக. கதவுகளையும் பெட்டிக் கதவையும் மூடுக. பியூஸ் பெட்டியை எட்டுவதற்கு ஒரு கதவு திறந்திருக்க வேண்டுமாயின், அதன் விளக்குச் சுவிட்சை அழுத்திய நிலையில் கட்டி வைக்கவும்.

2. பாட்டரியின் எதிர் முனை ஒயரை மட்டும் கழற்றுக. நேர் முனையை முதலில் கழற்றினால் ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டுப் பெருந்தீப்பொறி எழக்கூடும். சார்ஜ் ஏறிய பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருவதால் அருகில் பீடியோ விளக்கோ கூடாது.

3. மீட்டரை 10 ஆம்பியர் அளவைக்கு மாற்றி, சிவப்பு ஒயரை அதற்குரிய துளையில் செருகுக. மீட்டரின் ஒரு முள்ளை எதிர் முனையிலும், மறு முள்ளைக் கழற்றிய ஒயரிலும் இணைக்கவும். இப்போது வண்டி உண்ணும் மின்சாரம் முழுவதும் மீட்டர் வழியாகவே செல்லும். இந்நிலையில் சாவியைத் திருப்பலாகாது. திருப்பினால் மீட்டரின் பியூஸ் எரியும்.

4. காத்திருக்கவும். இணைத்தவுடன் ஓரிரு ஆம்பியர் காட்டினால் அஞ்ச வேண்டா. மின்னணுப் பெட்டிகள் விழித்துக்கொண்டு, பின்னர் ஒவ்வொன்றாக உறங்கும். புதிய வண்டிகளில் இதற்கு அரைமணி முதல் ஒரு மணி வரை ஆகலாம். அவசரப்பட்டு முதற்கண் கண்ட எண்ணையே கசிவென்று எழுதுவோர் பலர். அது பிழையான கணக்காகும்.

5. நிலைத்து நிற்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குக. ஒவ்வொன்றுக்கும் எண் எவ்வளவு குறைந்தது என்று எழுதுக. எந்தப் பியூஸைப் பிடுங்கும்போது எண் சட்டென்று வீழ்கிறதோ, கசிவு அந்தக் கிளையில் உள்ளது. அதில் இணைந்த விளக்கு, ஹாரன், ரிலே ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றினால் குற்றவாளி அகப்படும்.

6. எல்லாப் பியூஸ்களையும் எடுத்தபின்னும் எண் எஞ்சியிருந்தால், பியூஸ் வழியாகச் செல்லாத கனத்த ஒயர்களை நோக்குக. அவை ஆல்டர்னேட்டருக்கும் செல்ப் மோட்டாருக்கும் செல்வன. ஆல்டர்னேட்டரினுள் மின்சாரம் பின்னோக்கிப் பாயாது தடுக்கும் டயோடுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று பழுதானால், பகலில் சார்ஜ் தந்துகொண்டே இரவில் திரும்பிக் குடிக்கும். கடைகளில் பாட்டரி முனையிலேயே நேராகக் கட்டிய கூடுதல் கருவிகளும், அதாவது வண்டி இருக்குமிடம் காட்டும் கருவி, செல்போன் சார்ஜர், அலங்கார விளக்கு முதலியனவும், இவ்வகையைச் சேர்ந்தவையே. முன் கண்ணாடியில் ஒட்டும் சுங்க அட்டையில் பாட்டரியுமில்லை, ஒயருமில்லை. அதன்மீது ஐயம் வேண்டா.

மின்னணுப் பெட்டி மிகுந்த புதிய வண்டிகளில் பியூஸைப் பிடுங்கிச் செருகும்போது உறங்கியவை மீண்டும் விழிக்கக்கூடும். அங்கே பியூஸைப் பிடுங்காமல், அதன் முதுகில் தெரியும் இரு உலோகப் புள்ளிகளுக்கிடையே மில்லிவோல்ட் அளக்கலாம். மின்சாரம் பாயும் பியூஸில் சிறிது காட்டும். பாயாததில் சுழியே காட்டும். மின்சாரத்தால் ஓடும் புதுவகை வண்டிகளிலும் தனியே ஒரு 12 வோல்ட் பாட்டரி உண்டு. அதுவும் இவ்வாறே இறங்கும். ஆனால் அவ்வண்டிகளில் உயர் வோல்ட் பகுதியும் இருப்பதால், பயிற்சி பெற்றோரிடமே விட வேண்டும்.

ஓர் உதாரணம்

இவ்வட்டாரச் சங்கம் ஒன்றின் சரக்கு வண்டியை எடுத்துக்கொள்வோம். 14 மாதங்களில் இரண்டு பாட்டரிகள் மாற்றப்பட்டிருந்தன. இரவில் ஓட்டுநர் வண்டியில் அமர்ந்து ரேடியோ கேட்கிறார் என்றும், நல்ல பாட்டரியை எடுத்துவிட்டுப் பழையதை வைத்துவிட்டார் என்றும் இருவேறு பேச்சுகள் எழுந்தன. இரண்டாவது பாட்டரியின் விலையை அவருடைய சம்பளத்தில் பிடிக்க வேண்டுமென்ற யோசனை நிர்வாகக் குழுவின் நிகழ்ச்சி நிரலிலும் ஏறிவிட்டது. 11 ஆண்டுகளாகச் சங்கத்தில் பணிபுரிந்த அவர், “விலையைப் பிடித்துக்கொள்ளுங்கள் ஐயா, திருடன் என்ற பேரை மட்டும் எழுதாதீர்கள்” என்று மட்டுமே சொன்னார்.

நாம் முதலில் பார்த்தது வண்டியையன்று, வண்டியின் நாட்குறிப்பேட்டை. தள்ளிக் கிளப்பியதாகவோ வேறு வண்டியின் பாட்டரியிலிருந்து ஒயர் கொடுத்ததாகவோ எழுதியிருந்த நாட்களைத் தனியே பெயர்த்து எழுதினோம். அவை ஒன்பது. அவற்றுள் ஏழு திங்கட்கிழமைகள். மற்ற இரண்டும் பண்டிகை விடுமுறைக்கு அடுத்த நாட்கள். ரேடியோ கேட்பது காரணமாயின் வாரத்தின் எந்நாளிலும் நேர்ந்திருக்கும். விடுமுறை கழிந்த மறுநாளில் மட்டும் நேர்வதாயின், ஓயாது ஒரே அளவில் கசியும் ஏதோ ஒன்று வண்டியிலேயே இருத்தல் வேண்டும்.

சோதனைக்கு நிர்வாகக் குழுவினர் இருவரும் ஓட்டுநரும் உடனிருந்தனர். ஒரு மணி நேரம் கழித்து மீட்டரில் நிலைத்த எண் 0.82 ஆம்பியர். சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு நிறுத்தித் திங்கட்கிழமை அதிகாலை 4 மணிக்கு எடுப்பது வரை 38 மணி நேரம். 38-ஐ 0.82-ஆல் பெருக்க 31 ஆம்பியர்-மணிக்குச் சற்று மேல் வரும். அது 60 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் பாதிக்கும் அதிகம். மற்ற நாட்களில் இரவு 12 மணி நேரம் நிற்கையில் 10 ஆம்பியர்-மணியே போகும். மறுநாள் ஓட்டத்தில் அது மீண்டும் ஏறிவிடும். நாட்குறிப்பேடு சொன்னதும் மீட்டர் சொன்னதும் ஒத்துப்போயின.

பியூஸ்களைப் பிடுங்கத் தொடங்கினோம். சரக்குப் பெட்டி விளக்கின் பியூஸை எடுத்ததும் எண் 0.40-க்கு வீழ்ந்தது. பெட்டிக் கதவின் சுவிட்சு வளைந்து, கதவை மூடியபின்னும் உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூடிய பெட்டிக்குள் எரியும் விளக்கை யார் காண்பார்? உடனிருந்தோர் காரணம் அகப்பட்டதென்று எழுந்துவிட்டனர். ஆனால் 0.82-இல் 0.42-க்குத்தான் ரசீது கிடைத்தது, மீதம் 0.40 இருக்கிறதே! தொடர்ந்து பிடுங்கியபோது, ரேடியோவுக்கும் எஞ்சின் பெட்டிக்கும் உரிய பியூஸால் 0.03 குறைந்தது; அது நியாயமான செலவு. எல்லாப் பியூஸ்களையும் எடுத்தபின்னும் 0.37 நின்றது. பாட்டரி இணைப்பை நீக்கிவிட்டு, ஆல்டர்னேட்டரின் கனத்த ஒயரைக் கழற்றி முனையைத் துணியால் சுற்றி, மீட்டரை மீண்டும் இணைத்தோம், சுழி காட்டிற்று. ஆகவே,

பெட்டி விளக்கு – 0.42
ஆல்டர்னேட்டர் – 0.37
நியாயமான செலவு – 0.03
மொத்தம் – 0.82

என்று கணக்கு நேர்ந்தது. விளக்கை மட்டும் சரிசெய்து நிறுத்தியிருந்தால் கசிவில் ஏறக்குறைய பாதி அப்படியே இருந்திருக்கும். அடுத்த நீண்ட விடுமுறையில் வண்டி மீண்டும் நின்றிருக்கும். ஓட்டுநர்மீது பழியும் மீண்டும் விழுந்திருக்கும். மொத்தம் நேரும் வரை தேடலை முடிக்கலாகாது என்பதே இவ்வுதாரணத்தின் முதன்மையான பாடம்.

சுவிட்சு நிமிர்த்தப்பட்டது, ஆல்டர்னேட்டரின் டயோடுத் தகடு மாற்றப்பட்டது. இரண்டுக்கும் ஆன செலவு புதுப் பாட்டரி ஒன்றின் விலையினும் குறைவே. சம்பளப் பிடித்தம் பற்றிய யோசனையைக் குழு கைவிட்டதோடு, பாட்டரி இறங்கியதற்கு ஓட்டுநர் பொறுப்பாளர் அல்லர் என்பதைத் தீர்மானமாகவே நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவு செய்தது. ஐயம் எழுத்தில் ஏறிய பின்னர், அது நீங்கியதும் எழுத்தில் ஏற வேண்டுமல்லவா?

சங்கங்கள் கைக்கொள்ளத் தக்க விதிகள்

வண்டி கிளம்பாத நாளையும், அதற்கு முன் எவ்வளவு நேரம் நின்றதென்பதையும் நாட்குறிப்பேட்டில் தவறாது எழுதுக.

பாட்டரியின் வரிசை எண்ணையும் வாங்கிய தேதியையும் இருப்புப் பதிவேட்டில் பதிக. பாட்டரி மாற்றப்பட்டதா என்ற ஐயத்தை அந்த எண் ஒன்றே தீர்க்கும்.

மாதம் ஒருமுறை, வண்டி ஓர் இரவு ஓய்ந்தபின் காலையில் வோல்ட் அளந்து எழுதுக.

கூடுதல் கருவிகளைச் சாவிக்குக் கட்டுப்பட்ட ஒயரில், தனிப் பியூஸ் வழியாகவே இணைக்கச் செய்க.

உழவுப் பருவம் முடிந்து நிறுத்தப்படும் டிராக்டரில் எதிர் முனை ஒயரைக் கழற்றி வைக்கவும். அல்லது அதற்கென விற்கும் துண்டிப்புச் சுவிட்சைப் பொருத்துக. கழற்றி வைத்த பாட்டரியும் தானே சிறிது இறங்கும். வெயில் காலத்தில் இன்னும் விரைவாக இறங்கும். ஆகவே மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுக.

கசிவுச் சோதனையின் குறிப்பு இணைக்கப்படாமல் இரண்டாவது பாட்டரிக்குப் பணம் அனுமதிக்க வேண்டா. காரணம் கண்டு எழுதப்படாமல் எந்தப் பணியாளரிடமும் இழப்பைப் பிடிக்க வேண்டா.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. நும் சங்க வண்டி கடந்த ஆண்டில் எத்தனை முறை கிளம்பவில்லை? அவை எக்கிழமைகள்?

2. டிராக்டர் பாட்டரி 80 ஆம்பியர்-மணி, கசிவு 0.25 ஆம்பியர். பாதி இறங்க எவ்வளவு காலம் ஆகும்? (விடை: 160 மணி, அதாவது 6 நாளும் 16 மணியும்.)

3. மீட்டரை இணைத்தவுடன் காட்டும் எண்ணைக் கசிவென்று கொள்ளலாகாது, ஏன்?

4. ஒரு கசிவு அகப்பட்ட பின்னும் தேடலைத் தொடர வேண்டுமா, வேண்டாமா என்பதை எவ்வாறு அறிவது?

5. நும் வண்டியில் பாட்டரி முனையிலேயே நேராகக் கட்டப்பட்ட கருவிகள் எவை? அவற்றை இம்மாதக் குழுக் கூட்டத்திற்கு முன் நேரிற் பார்த்து ஒரு பட்டியல் எழுதுக.